நூல்களில் வாழும் நல்ல குடும்பங்களும் நம் குழந்தைகளும்

பிழைப்பை நாடிப் பம்பாய் வந்த தமிழ் மக்கள் முதலில் தாராவி, மாதுங்கா, செம்பூர் முதலிய இடங்களில் குடியேறினர். கிழக்குப் புறநகரில் தொழிற்சாலைகள் பெருகிய பின்னர் விக்ரோலியிலும் பலர் நிலைத்தனர். ஊரில் இருந்தவரை, புராணக் கதைகளைப் பாட்டியோ கோயில் மண்டபத்துக் கதாகாலட்சேபமோ குழந்தையின் காதில் போட்டு வைத்தன. இங்கோ, கன்னம்வார் நகரில் வளரும் குழந்தை வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் மராத்தியோ ஆங்கிலமோ பேசுகிறது. ஆகவே, நம் நூல்களில் உள்ள நல்ல குடும்பங்களை அதற்கு அறிமுகம் செய்யும் கடமை முழுவதும் பெற்றோரையே சாருகின்றது. அக்கடமையை எவ்வாறு ஆற்றுவது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

“அவர்களைப்போல் நீயும் இரு” என்று கட்டளையிடுவது எளிது. ஆனால் குழந்தை கட்டளையை விரைவில் மறந்துவிடும், கதையை மறவாது. கதையிலும், குடும்பம் இன்பமாக இருந்த பகுதியைவிட இடருற்ற நாழிகையே மனத்தில் பதியும். அந்நாழிகையில் யார் என்ன செய்தார் என்று காட்டுவதே முறையாகும்.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் இதற்கு ஒரு கருவூலம். இளையான்குடி மாறனார் அடியார்க்கு அமுதளித்தே வறியவரானவர். மழை பெய்யும் ஓர் இரவில் விருந்தினர் ஒருவர் வருகின்றார். வீட்டில் ஒரு பிடி அரிசியும் இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரி வரலாம் என்று வழி கூறியவர் அவர் மனைவியார். இருளில் சென்று அதை வாரிக் கொணர்ந்தவர் கணவர். விறகில்லாதபோது கூரையின் கட்டையே அறுக்கப்பட்டது. முற்றாத கீரையே கறியமுதாயிற்று. இக்கதையைக் கேட்கும் குழந்தை கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை. இல்லாமை வந்தபோது கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கடியாமல், கலந்து பேசி வழி கண்டனர் என்பதை உணர்ந்தால் போதும். மாதக் கடைசியில் கைப்பணம் குறையும் நம் வீடுகளுக்கு இதனினும் பொருத்தமான பாடம் வேறில்லை.

சில கதைகள் பெற்றோரைத் திகைக்க வைக்கும். திங்களூர் அப்பூதி அடிகள் திருநாவுக்கரசரை நேரிற் காணுமுன்பே, அவர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்தவர். தம் மக்களுக்கும் அப்பெயரையே இட்டவர். நாவுக்கரசர் விருந்தாக வந்த நாளில், வாழையிலை அரியச் சென்ற மூத்த மகனைப் பாம்பு தீண்டிற்று. அதை ஒருவரிடமும் சொல்லாமல் இலையைத் தாயிடம் கொடுத்துவிட்டு அவன் வீழ்ந்தான். பெற்றோர் உடலை மறைத்து வைத்து விருந்தினரை உண்ண அழைத்தனர். பின்னர் நாவுக்கரசர் உண்மையறிந்து பதிகம் பாட, மகன் உயிர்பெற்று எழுந்தான் என்பது வரலாறு. “அவன் ஏன் சொல்லவில்லை?” என்று குழந்தை கேட்கும். அக்கேள்வியை அடக்குதல் தவறு. விருந்து தடைப்படலாகாது என்னும் பேரன்பைக் காட்டவே புலவர் இவ்வாறு அமைத்தார் என்று விளக்க வேண்டும். உனக்கு இன்னல் நேர்ந்தால் உடனே எங்களிடம் சொல்ல வேண்டும் என்றும் தெளிவாகக் கூற வேண்டும். தம் பெயரை விளம்பாமல் வழிப்போக்கர் தாகம் தீர்த்தாரே, அதைப் பின்பற்றச் சொல்லலாம். கதை முழுவதையும் போற்றலாம். அதில் எதைப் பின்பற்றுவது என்பதைப் பெற்றோர் தெரிந்தெடுத்துக் கொடுக்க வேண்டும்.

வளர்ந்த பிள்ளை வேறு வழி செல்லும்போது என் செய்வது? அந்நாவுக்கரசரின் இளமைக் கதையே விடை கூறும். பெற்றோரை இழந்து, மணம் பேசிய கலிப்பகையாரும் போரில் மாண்டபின், திலகவதியார் உயிர் தாங்கியது தம்பிக்காகவே. அத்தம்பியோ வேறு சமயம் புகுந்து பிரிந்து சென்றார். ஆயினும் சூலை நோயால் வருந்தி அவர் திருவதிகைக்கு வந்தபோது, தமக்கையார் பழியொன்றும் கூறாமல் திருநீறு அளித்து ஏற்றுக்கொண்டார்.

இதனோடு மகாராஷ்டிர மண்ணின் கதையொன்றையும் இணைத்துச் சொல்லுங்கள். 13-ஆம் நூற்றாண்டில், தந்தை துறவை விட்டு இல்லறம் திரும்பியதால் ஊரார் ஒதுக்கிய குடும்பத்தில் பிறந்த நால்வர் நிவிருத்திநாதர், ஞானேசுவரர், சோபானர், முக்தாபாய் என்போர். ஊராரின் இகழ்ச்சியால் மனம் நொந்து ஞானேசுவரர் குடிலின் கதவை அடைத்துக்கொண்டபோது, கதவைத் திறக்குமாறு பாடி வேண்டியவர் இளைய தங்கை முக்தாபாய் என்பது மரபு. பண்டரிபுரத்துப் புண்டலீகர், பெற்றோர் பணிவிடையை நிறுத்தாமல், வந்து நின்ற இறைவனுக்கு ஒரு செங்கல்லை இட்டு நிற்கச் செய்தார் என்பதையும் அண்டைவீட்டு மராத்திக் குழந்தை அறியும். இரு மொழிக் கதைகளையும் கேட்டு வளரும் குழந்தை, தான் பிறந்த மரபையும் தான் வாழும் மண்ணையும் ஒருங்கே தனதாகக் கொள்ளும்.

கிறித்தவக் குடும்பத்தார்க்கு விவிலியத்தின் ரூத் கதை உண்டு. பஞ்சத்தால் பெத்லகேமை விட்டு மோவாப் சென்ற நகோமி, அங்கே கணவனையும் மைந்தர் இருவரையும் இழந்து திரும்புகையில், மருமகள் ரூத் அவளைப் பிரிய மறுத்து அயலூருக்கு உடன் வந்தாள். கதிர் பொறுக்கி மாமியைக் காத்தாள். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அக்கதையை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

வாரம் ஒரு கதை போதும். படுக்கப் போகுமுன் கால் மணி நேரம், தமிழிலேயே சொல்லுங்கள். புரியாத சொல்லை மட்டும் குழந்தை அறிந்த மொழியில் விளக்குங்கள். முடிவில் நீதியுரை வேண்டா, “நீ அங்கிருந்தால் என்ன செய்திருப்பாய்?” என்று கேட்டு, விடையைப் பொறுமையுடன் செவிமடுங்கள். பின்னர், வேலை முடிந்து களைத்து வீடு திரும்பும் மாலையில் உறவினர் ஒருவர் முன்னறிவிப்பின்றி வந்து நிற்பார். இளையான்குடி மாறனார் கதையின் பொருளை, அவரை நாம் வரவேற்கும் முகத்திலிருந்தே குழந்தை அறிந்துகொள்ளும்.