அலுமாரியின் ஒரு தட்டு

கல்லூரி நூனிலையத்துட் புகும் மாணவரைச் சிறிது நேரம் நோக்கியிருப்பின் ஒன்று புலனாகும். விஞ்ஞானம் பயில்வோர் ஒரு மூலைக்குச் செல்வர். கலைப்பிரிவினர் மற்றொரு மூலைக்குச் செல்வர். வர்த்தகம் பயில்வோர்க்கு மூன்றாவது மூலை. பரீட்சைக்கு வேண்டிய நூலை எடுத்துக்கொண்டு வந்த வழியே மீள்வர். அவர்மீது குறை கூறுதல் எமது கருத்தன்று. நாமும் மாணவராயிருந்த காலத்து அவ்வாறே ஒழுகினோம். ஆயினும், நம் நாட்டார் எழுதியும் பதிப்பித்தும் வைத்த நூல்களை இம்மூலைகளுள் அடக்குதல் இயலாது. அவற்றுட் சிலவற்றை ஒரே தட்டில் அடுக்கிக் காட்ட விரும்புகின்றோம்.

முதலில் வைக்கத்தக்கது 1842 இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதி. மானிப்பாய் அகராதி எனவும் வழங்கும் இதில் 58,000 க்கு மேற்பட்ட சொற்கள் உள. அதன் பக்கத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அவர்கள் 1902 இல் வெளியிட்ட அபிதானகோசம் நிற்கட்டும். புராணப் பெயர்களும் புலவர் வரலாறுகளும் அகரவரிசையில் அமைந்த தமிழ்க் கலைக்களஞ்சியங்களுள் இதுவே முந்தியது. அபிதான சிந்தாமணி இதற்கு எட்டாண்டு பிந்தியது. ஒரு பெயரைத் தேடப் புகுந்தவர் அடுத்த பெயரையும் அதற்கடுத்ததையும் வாசித்துத் தாம் தேடியதையே மறந்துவிடுவர். அத்தகைய மறதியை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

அடுத்தது 1855 இல் வெளிவந்த வீசகணிதம். இதனை இயற்றியவர் கறோல் விசுவநாதபிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் இவர் ஒருவர். மற்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. கணித நூல் செய்தவரும் சங்கநூல் பதிப்பித்தவரும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவர்களே என்பது நினைக்கத்தக்கது. பிள்ளையவர்களின் பதிப்புக்களோ தாமே ஒரு தட்டை நிரப்புவன. சைவராய் வாழ்ந்த அவர், பௌத்தர் செய்த வீரசோழியத்தை 1881 இலும், சமண காப்பியமாகிய சூளாமணியை 1889 இலும் அச்சேற்றினார். கலித்தொகை 1887 இல் வந்தது. நூல் எச்சமயத்தார் செய்தது என அவர் நோக்கினாரல்லர். ஏடு செல்லரித்து அழிகின்றதே என்பதுதான் அவர் கவலை.

மாணவர்க்கு மிக்க வியப்பைத் தரத்தக்கவை வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் நூல்கள். அமெரிக்க மிசனைச் சேர்ந்த இவர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு நம் இளைஞர்க்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அதற்கு நூல்கள் வேண்டியிருந்தன. தம் மாணாக்கரைத் துணைக்கொண்டு சத்திரசிகிச்சை பற்றிய இரணவைத்தியத்தை 1867 இலும், உடலமைப்பை விளக்கும் மனுஷ அங்காதிபாதத்தை 1872 இலும் வெளியிட்டார். 1873 இல் தாய்நாடு மீண்ட பின்னரும் இப்பணியை விட்டாரல்லர். கெமிஸ்தம் 1875 இலும் மனுஷ சுகரணம் 1883 இலும் வெளிவந்தன; அதற்கடுத்த ஆண்டு அவர் காலமானார்.

கெமிஸ்தம் என்னும் பெயரைக் கேட்டு இன்றைய மாணவர் நகைத்தல் கூடும். கலைச்சொல் ஆக்குங்கால் முதலில் தமிழிலும், அதிற் கிடையாவிடின் வடமொழியிலும் தேடி, இரண்டும் உதவாவிடத்தே ஆங்கிலச் சொல்லைத் தமிழோசைக்கு இயைத்துக் கொள்ளுதல் கிறீன் அவர்களின் முறை. அச்சொல் நிலைபெறவில்லை, இரசாயனம் என்பதே நம்மிடை நின்றது. ஆனால் அத்துறையைத் தமிழிற் சொல்லலாம் என்னும் துணிவு நின்றது. இலங்கையில் விஞ்ஞான பாடங்களைத் தமிழிற் கற்பிக்கலாமோ எனப் பின்னாளில் ஐயுற்றவர், இந்நூல்களைப் புரட்டியிருந்தால் அவ்வளவு மலைத்திருக்கமாட்டார்.

நாவல்களுக்கும் இத்தட்டில் இடமுண்டு. திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி 1895 இலும், மங்களநாயகம் தம்பையா அம்மையாரின் நொறுங்குண்ட இருதயம் 1914 இலும் வந்தவை. முன்னது தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படுவது. பாடநூலின் நடுவே நாவலை மறைத்து வாசித்த பழைய மாணவர் நம்முட் பலர், பெயர் கூறவேண்டுவதில்லை.

தட்டின் முடிவில் விபுலாநந்த அடிகளின் யாழ்நூலை வைக்கின்றோம். மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதராகிய அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியுமாவர். சிலப்பதிகார அரங்கேற்று காதையிற் கண்ட இசைக் குறிப்புக்களைக் கொண்டு மறைந்துபோன யாழ்களின் அமைப்பை ஆராயுங்கால், நரம்புகளின் ஒலியளவைக் கணிதத்தினாற் கண்டு நிறுவுகின்றார். இந்நூலைக் கலைப்பிரிவு அலுமாரியில் வைப்பதா, பௌதிக அலுமாரியில் வைப்பதா? இரண்டிலும் வைக்கத்தக்க நூல் அது. 1947 யூன் மாதத்தில் அது வெளியிடப்பட்டது. யூலையில் அடிகள் மறைந்தார்.

இத்தகைய நூல்களெல்லாம் ஓரிடத்திற் காணத்தக்கனவாய் யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தில் இருந்தன. 1981 மே 31 ஆம் நாள் இரவு அந்நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள், ஏட்டுச்சுவடிகள் உட்பட, சாம்பராயின. கட்டடம் மீண்டும் எழுந்தது. மறுபதிப்புக் கண்ட நூல்களைத் திரும்பவும் வாங்கலாம். ஒரேமுறை அச்சிட்ட நூல்களை எங்கே வாங்குவது? 2005 இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் இணைய நூனிலையம், எஞ்சிய பிரதிகளைத் தேடிப் படமெடுத்து யாவரும் வாசிக்க வைத்துவருகின்றது. இடப்பெயர்வுகளின்போது உடுபுடைவையோடு புத்தகப் பொதியையும் சுமந்து சென்ற குடும்பங்கள் பல இருந்தமையாலன்றோ இது கைகூடிற்று.

ஆதலின் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். தந்தையாரின் பெட்டகத்தையும் பாட்டனாரின் அலுமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கொழும்பிலோ கடல்கடந்தோ இருப்பவர்கள், ஊர்வீட்டில் இருப்போரைக் கொண்டு பார்ப்பிக்கலாம். நூலைக் கொடுத்துவிட மனமில்லையாயின் வேண்டா. படமெடுத்தபின் அது உங்கள் கைக்கே மீளும். அட்டையற்றது, முதற்பக்கம் கிழிந்தது என்று எதனையும் ஒதுக்கிவிடாதீர்கள். பெயர் தெரியாத நூலையும் உட்பக்கத்தை வாசித்து இன்னதென்று சொல்லவல்ல ஆசிரியர்கள் நம் கல்லூரியில் இருக்கின்றனர்.