எல்லையில் நிற்கும் இலக்கணம்

நுழையும்முன்

ஒரு கணினியினுள் வெவ்வேறு மொழிகளில் எழுதப்பட்ட நிரல்கள் ஒன்றாக உழைக்கின்றன. ஒவ்வொரு நிரலும் தனித்தனியே பிழையற்றதாக இருக்கலாம். ஆயினும், அவை சந்திக்கும் இடத்தில் உடன்பாடு பிசகினால் முழுப் பணியும் கெடும். அவ்வுடன்பாடு யாது, அது எவ்வாறு சரிபார்க்கப்படுகிறது என்பதை லினக்ஸ் இயக்க அமைப்பைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

'வேலை கொடு', 'வேலைக் கொடு' என்னும் இரு தொடர்களையும் நோக்குக. முன்னது பணி தருமாறு வேண்டுகிறது. பின்னது வேல் என்னும் படைக்கருவியைத் தருமாறு கேட்கிறது. இரண்டும் பிழையற்ற தமிழ்த் தொடர்களே. இரு சொற்கள் சந்திக்கும் எல்லையில் ஒரு வல்லின மெய் மிகுவதும் மிகாமையும் பொருளை அடியோடு மாற்றிவிடுகின்றன. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் எவ்வாறு கூடும் என்பதைத் தொல்காப்பியமும் நன்னூலும் எழுத்ததிகாரத்தில் விரிவாக வகுத்துரைத்தமைக்குக் காரணம் இதுவே.

கணினி நிரல்கள் சந்திக்கும் எல்லைக்கும் இத்தகைய விதிகள் உண்டு. தமிழில் சந்திப்பிழை நேர்ந்தால் கேட்பவர் உணர்ந்து திருத்துவார். கணினியோ தவறாகப் புரிந்துகொண்டதையே மெய்யெனக் கொண்டு தன் பணியைத் தொடரும். ஆதலால், அவ்வெல்லையை முன்கூட்டியே சரிபார்த்தல் இன்றியமையாததாகிறது.

உட்கருவும் இரு மொழிகளும்

இயக்க அமைப்பின் மையப்பகுதி உட்கரு ஆகும். இதனைக் கெர்னல் என்றும் வழங்குவர். நினைவகத்தைப் பங்கிடுதல், செயலியின் நேரத்தைப் பல நிரல்களுக்குப் பகிர்ந்தளித்தல், விசைப்பலகை, வட்டு, வலையமைப்பு முதலிய சாதனங்களை இயக்குதல் ஆகியன இதன் பணிகள். ஒரு செயலி நிரல் பழுதுற்றால் அந்நிரல் மட்டுமே நிற்கும். உட்கரு பழுதுற்றால் கணினி முழுவதும் நின்றுவிடக்கூடும்.

பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு லினக்ஸ் உட்கருவை வெளியிட்டார். அது பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய அம்மொழி, வன்பொருளோடு நெருங்கி உறவாட வல்லது. எனினும், நினைவகத்தைக் காக்கும் பொறுப்பு முழுவதையும் அது நிரலரிடமே விட்டுவிடுகிறது. ஒதுக்கப்பட்ட எல்லையைத் தாண்டி எழுதுதல், விடுவித்துவிட்ட நினைவகத்தை மீண்டும் பயன்படுத்துதல் போன்ற பிழைகள் இதனால் எளிதில் நுழைகின்றன. தம் நிறுவனம் ஆண்டுதோறும் சீர்செய்யும் பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ 70 விழுக்காடு இத்தகைய நினைவகப் பிழைகளே என மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 2019ஆம் ஆண்டு எடுத்துரைத்தனர்.

இக்குறையைக் களையும் நோக்குடன் வளர்ந்த மொழிகளுள் ஒன்று ரஸ்ட். கிரேடன் ஹோர் 2006ஆம் ஆண்டு தொடங்கிய இம்மொழியை மொசில்லா நிறுவனம் பின்னர் ஆதரித்தது. இதன் முதல் நிலையான பதிப்பு 2015ஆம் ஆண்டு வெளிவந்தது. மேற்கூறிய பிழைகளுள் பலவற்றை நிரல்பெயர்ப்பின்போதே இது கண்டறிந்து தடுத்துவிடும். 2022 திசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 6.1 பதிப்பு ரஸ்ட் மொழிக்கு முதன்முறையாக இடமளித்தது. சி மொழியில் பல்லாண்டுகளாக எழுதப்பட்ட கோடிக்கணக்கான வரிகளை ஒரே நாளில் மாற்றி எழுத இயலாது. ஆகவே பழைய சுவரோடு புதிய சுவரை இணைத்துக் கட்டுவதுபோல, இரு மொழிகளும் ஒரே உட்கருவினுள் இணைந்து வாழத் தொடங்கின. சுவர்கள் இணையும் இடத்தில் விரிசல் விழாமல் காப்பது எங்ஙனம் என்னும் வினாவும் உடன் எழுந்தது.

இருநிலை இடைமுகம்

நிரல்பெயர்ப்பி தன் பணியை முடித்தபின் சி, ரஸ்ட் என்னும் வேறுபாடு செயலிக்குத் தெரியாது. எஞ்சுபவை 0, 1 என்னும் இருநிலை எண்களே. அந்நிலையில், ஒரு செயற்கூறு மற்றொரு செயற்கூற்றை அழைக்கும்போது இரண்டும் சில செய்திகளில் முன்னரே உடன்பட்டிருத்தல் வேண்டும். கொடுக்கப்படும் மதிப்புகளை எங்கு வைப்பது? விடையை எங்கிருந்து எடுப்பது? ஒவ்வொரு தரவு வகைக்கும் எத்தனை பைட்டுகள்? பல உறுப்புகள் கொண்ட கட்டுரு நினைவகத்தில் எவ்வரிசையில் அமையும்? இவ்வினாக்களுக்கான விடைகளின் தொகுப்பே இருநிலை இடைமுகம் எனப்படும்.

சான்றாக, 64 பிட் இன்டெல் வகைச் செயலிகளில் இயங்கும் லினக்ஸில், ஒரு செயற்கூற்றுக்கு அளிக்கப்படும் முதல் ஆறு முழு எண்களோ சுட்டுகளோ குறிப்பிட்ட ஆறு பதிவகங்களில் குறிப்பிட்ட வரிசையில் வைக்கப்படும். அழைப்பவர் ஒரு பதிவகத்தில் வைத்து, அழைக்கப்பட்டவர் வேறொன்றில் தேடினால் அங்கு முன்பே கிடந்த ஏதோ ஓர் எண் கிடைக்கும். அது தவறான எண் என்பதை அறிவிக்க அங்கு எவரும் இலர்.

ஒரு கட்டுருவின் அமைப்பு

ஒரு கட்டுருவில் மூன்று உறுப்புகள் உள்ளன எனக் கொள்வோம். முதலாவது 1 பைட்டு அளவுள்ள எழுத்து. இரண்டாவது 4 பைட்டு அளவுள்ள முழு எண். மூன்றாவது மீண்டும் 1 பைட்டு அளவுள்ள எழுத்து. 4 பைட்டு முழு எண் 4ஆல் வகுபடும் முகவரியில் தொடங்குதல் வேண்டும் என்பது பெரும்பாலான செயலிகளில் பின்பற்றப்படும் முறை. சி மொழி, நிரலர் எழுதிய வரிசையை மாற்றுவதில்லை. ஆதலால் முதல் எழுத்துக்குப் பின் 3 பைட்டுகளை வெற்றிடமாக விட்டு, முழு எண்ணை வைத்து, மூன்றாம் உறுப்புக்குப் பின் மேலும் 3 பைட்டுகளை வெற்றிடமாக விடும். மொத்தம் 12 பைட்டுகள்.

ரஸ்ட் மொழியோ, வேறு கட்டளை இல்லாதபோது, உறுப்புகளின் வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமை உடையது. முழு எண்ணை முதலில் வைத்து, இரு எழுத்துகளையும் அடுத்தடுத்து அமைத்து, இறுதியில் 2 பைட்டு வெற்றிடம் விட்டால் 8 பைட்டுகளே போதும். இது சிக்கனமானது; தவறன்று. ஆனால் இந்த 8 பைட்டுக் கட்டுருவை அப்படியே சி செயற்கூறு ஒன்றிடம் ஒப்படைத்தால் என்ன நேரும்? ஐந்தாம் பைட்டிலிருந்து அது முழு எண்ணைத் தேடும். அங்கு இருப்பவையோ இரு எழுத்துகளும் வெற்றிடமும். மூன்றாம் உறுப்பைத் தேடும்போதோ கட்டுருவின் எல்லையையே தாண்டிச் சென்றுவிடும். நினைவகப் பிழைகளை ஒழிக்க வந்த மொழி, எல்லையில் காவல் இன்மையால் புதியதொரு நினைவகப் பிழைக்கு வாயில் திறந்துவிடும்.

சரிபார்க்கும் முறைகள்

முதல் முறை, உடன்பாட்டை வெளிப்படையாக எழுதுதல். 'இக்கட்டுருவைச் சி மொழியின் முறைப்படி அமைக்க', 'இச்செயற்கூற்றைச் சி மொழியின் முறைப்படி அழைக்க' என ரஸ்ட் நிரலில் குறிப்பிட இயலும். அவ்வாறு குறித்தால் வரிசை மாற்றம் நிகழாது.

இரண்டாம் முறை, கையால் எழுதுவதைத் தவிர்த்தல். சி மொழியில் அமைந்த நூற்றுக்கணக்கான அறிவிப்புகளை மனிதர் ஒருவர் ரஸ்ட் மொழியில் படியெடுத்தால், ஏடு பெயர்த்தெழுதுவோர் கைப்பிழைபோல எங்கேனும் ஓரிடத்தில் பிழை நேரும். ஆதலால் 'பைண்ட்ஜென்' என்னும் கருவி சி மொழியின் தலைப்புக் கோப்புகளைப் படித்து, அவற்றுக்கு இணையான ரஸ்ட் அறிவிப்புகளைத் தானே உருவாக்குகிறது.

மூன்றாம் முறை, உட்கருவோடு பின்னர் வந்து சேரும் தொகுதிகளைச் சோதித்தல். சாதனங்களை இயக்கும் நிரல்கள் பல, தனித் தொகுதிகளாக இருந்து, தேவைப்படும்போது உட்கருவில் ஏற்றப்படுகின்றன. உட்கரு வெளிப்படுத்தும் ஒவ்வொரு செயற்கூற்றின் வகைகளையும் விரித்தெழுதி, அதிலிருந்து 32 பிட் அளவுள்ள ஒரு சரிபார்ப்பு எண் கணிக்கப்படுகிறது. தொகுதியும் தான் நம்பியிருக்கும் எண்களை உடன் சுமந்து வருகிறது. இரண்டும் ஒத்திருந்தால் தொகுதி அனுமதிக்கப்படும். ஒவ்வாவிடின் வாயிலிலேயே மறுக்கப்படும்.

இவ்வெண்ணைக் கணித்துவந்த 'ஜென்கேசிம்ஸ்' என்னும் கருவி சி மொழியின் மூல நிரலை மட்டுமே படிக்க வல்லது. ரஸ்ட் கட்டுருவின் உண்மையான அமைப்போ மூல நிரலில் வெளிப்படுவதில்லை. நிரல்பெயர்ப்பியே அதனை முடிவுசெய்கிறது. எனவே தொடக்கத்தில் ரஸ்ட் மொழியையும் இச்சரிபார்ப்பையும் ஒருசேரப் பயன்படுத்த இயலவில்லை. 2025 மார்ச்சு மாதம் வெளிவந்த லினக்ஸ் 6.14 பதிப்பில் இதற்குத் தீர்வு கிடைத்தது. நிரல்பெயர்ப்பி தான் உருவாக்கும் கோப்பில் 'டுவார்ஃப்' என்னும் வடிவில் பிழைதிருத்தத் தகவல்களைப் பதிந்துவைக்க இயலும். எந்த உறுப்பு எத்தனையாவது பைட்டில் உள்ளது என்பதும் அதில் இருக்கும். புதிய கருவி மூல நிரலை விடுத்து இப்பதிவைப் படித்து எண்ணைக் கணிக்கிறது. எழுதியவர் எண்ணியதை அன்றி, உண்மையில் உருவானதையே அது சோதிக்கிறது.

தெரியுமா?

ரஸ்ட் நிரல்பெயர்ப்பி செயற்கூறுகளுக்கு இடும் உட்பெயர்கள் மிக நீண்டவை. பழைய சரிபார்ப்பு அட்டவணையில் 64 பிட் கணினிகளில் ஒரு பெயருக்கு 56 பைட்டுகளே ஒதுக்கப்பட்டிருந்தன. ஆதலால் நீண்ட பெயர்களையும் ஏற்கும் புதிய அட்டவணை வடிவம் வகுக்கப்பட்டது.

வடிவமும் பொருளும்

இத்தனை காவல்களையும் கடந்த நிரல் முற்றிலும் சரியானதாகிவிடுமா? ஆகாது. 1999ஆம் ஆண்டு செவ்வாயை நெருங்கிய நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' விண்கலம் அழிந்த வரலாறு இதனை உணர்த்தும். தரைக்கட்டுப்பாட்டு மென்பொருளின் ஒரு பகுதி, உந்தத்தைப் பவுண்டு விசை-வினாடி அலகில் அளித்தது. அதனைப் பெற்ற பகுதி, நியூட்டன்-வினாடி அலகில் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டது. எண் எண்ணாகவே சென்று சேர்ந்தது. அதன் பொருள்தான் சேரவில்லை.

இருநிலை இடைமுகச் சரிபார்ப்பு காட்டுவது வடிவப் பொருத்தத்தை மட்டுமே. நினைவகத்தை விடுவிக்கும் பொறுப்பு அழைப்பவருக்கா அழைக்கப்பட்டவருக்கா, ஒரு செயற்கூற்றை அழைக்குமுன் எந்தப் பூட்டை இடவேண்டும் என்பன போன்ற உடன்பாடுகளைச் சரிபார்ப்பு எண் அறியாது. அவற்றை நிரலர்கள் தெளிவாக எழுதிவைத்தும், ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துத் திருத்தியும் காக்கவேண்டும். கருவிக்கு எட்டும் பிழைகளைக் கருவியிடம் விட்டால்தான், எட்டாத பிழைகளின்மீது மனிதரால் கருத்தூன்ற முடியும்.

இரு மொழியினர் இணைந்து வாழ ஒருவர் மொழியை மற்றவர் கைவிட வேண்டியதில்லை. சந்திக்கும் இடத்தில் பேசும் முறையில் இருவரும் ஒன்றுபட்டால் போதும். சி தன் வலிமையையும் ரஸ்ட் தன் காவலையும் இழக்காமல் ஓர் உட்கருவினுள் உழைப்பதும் இவ்வாறே. அவ்வுடன்பாடு நம்பிக்கையில் தொடங்கலாம், சோதனையால்தான் நிலைபெறும்.

கற்பவை கற்றபின்...

1. வல்லினம் மிகுதலாலும் மிகாமையாலும் பொருள் வேறுபடும் தொடர்கள் ஐந்தனைத் தொகுத்து, அவற்றின் பொருளை எழுதுக.

2. 1 பைட்டு எழுத்து, 4 பைட்டு முழு எண், 1 பைட்டு எழுத்து, 4 பைட்டு முழு எண் என அமைந்த கட்டுரு சி மொழியில் எத்தனை பைட்டுகள் பெறும்? வெற்றிடங்களைக் குறித்துப் படம் வரைக.

3. 'வடிவப் பொருத்தம் மட்டும் போதாது' என்னும் கருத்தை அன்றாட வாழ்வில் நிகழும் ஒரு சான்று கொண்டு வகுப்பறையில் உரையாடுக.