சைலன்சரைக் கழற்றினால் உயிர் தப்புமா?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வட்டுக்கோட்டையில் இருப்பவர்களுக்குக் கடிகாரம் தேவையில்லை. காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போன இளைஞர் கூட்டம் பொன்னாலைப் பாலத்தைத் தாண்டித் திரும்புவதை மோட்டார் சைக்கிள்களே அறிவித்துவிடும். தெரிந்த பையன் ஒருவனிடம், "ஏன் தம்பி சைலன்சரை வெட்டினீர்?" என்று கேட்டேன். "டீச்சர், சத்தம் கேட்டால்தான் லொறிக்காரன் விலகுவான். இது எங்கட பாதுகாப்புக்கு" என்றான்.

அவனைக் கோபித்துப் பயனில்லை. பல நாடுகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் மனதார நம்பும் வாதம் இது. ஆகவே சோதித்துப் பார்ப்போம்.

எஞ்சினுக்குள் எரிபொருள் எரியும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் மிகுந்த வாயு புகைக்குழாய் வழியே வெளியே பாய்கிறது. நாம் கேட்கும் வெடிச்சத்தம் அதுதான். சைலன்சருக்குள் தடுப்புத் தகடுகளும் துளையிட்ட குழாய்களும் சிறு அறைகளும் உள்ளன. ஒலி அலைகள் அங்கே மோதித் திரும்பி ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்கின்றன. உள்ளிருப்பதை வெட்டி எறிந்தால் எஞ்சுவது வெறும் குழாய். அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள்: பின்பக்கம்.

ஆபத்து பெரும்பாலும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? அமெரிக்காவில் ஹரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981 இல் அறிக்கை வெளியிட்டது. விபத்துக்குக் காரணமான ஆபத்துகளில் முக்காற் பங்குக்கு மேல் ஓட்டுபவரின் நேர் முன்னாலும், அதிலிருந்து இரு பக்கமும் 45 பாகைக்குள்ளும் இருந்தன. எதிரே திரும்பும் காரும் ஒழுங்கையிலிருந்து திடீரென வெளிவரும் வானும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றின் சாரதி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால், பின்பக்கம் கொட்டும் சத்தம் அவருக்கு எட்டும்போது பிந்திவிடும். அதை முழுமையாகப் பெறுபவர்கள், அவன் கடந்துபோன பிறகு வீதியோரத்தில் நிற்கும் நாங்கள்தான். மற்றச் சாரதிகள் கண்ணால் காணும்படி ஓடுவதே பயன் தரும். பகலிலும் எரியும் முன்விளக்கும் வெளிர்நிற மேற்சட்டையும் அதற்கு உதவும்.

இனிச் சட்டம். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 இல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வந்தன. பிரதேச சபைப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பது எல்லை. பாடசாலை, வைத்தியசாலை, நூலகம் போன்றவற்றைச் சுற்றி 100 மீற்றர் அமைதி வலயம். அங்கே பகலிலும் 50 தான். டெசிபெல் கணக்கு சாதாரணக் கூட்டல் அல்ல. 10 கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்காகிறது. 85 டெசிபெலை நாளுக்கு எட்டு மணித்தியாலம் கேட்கலாம் என்றால், 100 டெசிபெலுக்கு 15 நிமிடம்தான். முதலில் கெடுவது ஓட்டுபவனின் காதே.

2007 இல் வெலிகமவிலுள்ள ஒரு ஜும்ஆப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாது என்று பொதுவாகவே பணித்தது. எங்கள் சமூகத்தில் பலருக்கு அது கசப்பாக இருந்தது. ஆனால் கேட்க விரும்பாதவரையும் கட்டாயப்படுத்திக் கேட்கவைக்கலாமா என்ற கேள்வி வழிபாட்டிடங்களுக்கே பொருந்துமானால், வெட்டிய சைலன்சருக்கு விலக்கு எங்கிருந்து வரும்?

இளைஞர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தோடு வாகனங்களின் அனுமதியற்ற மாற்றங்களுக்கு எதிராகப் பொலிஸார் இறங்கியபோது சர்ச்சை எழுந்தது. வீதியில் மறித்துக் காதால் மட்டும் கேட்டுத் தீர்மானித்தால், வேண்டுமென்றே வெட்டியவனும், துருப்பிடித்த சைலன்சரை மாற்றக் காசில்லாத மீன் வியாபாரியும் ஒன்றாகிவிடுவார்கள். கையில் ஒலிமானி வேண்டும், பழுதைத் திருத்த அவகாசமும் வேண்டும் என்பதே என் கருத்து.

மாணவிகளுக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. பாடசாலை விடும் நேரம் பார்த்து வாசலில் எஞ்சினை முறுக்குவது வேடிக்கையும் அல்ல, பாதுகாப்பும் அல்ல, தொந்தரவு. ஸ்கூட்டியில் போகும் பிள்ளை பின்னால் வெடித்த சத்தத்தில் துணுக்குற்று ஹாண்டிலைத் திருப்பினால் என்ன நடக்கும்? நீங்கள் ஓட்டுவதென்றால், நாடாப் பூட்டிய ஹெல்மெட் மரண ஆபத்தை ஏறக்குறைய 40 வீதமும் தலைக்காயத்தை ஏறக்குறைய 70 வீதமும் குறைக்கிறது. உச்சியிலும் காதருகிலும் ஊசி குத்தாமல் ஹிஜாபைத் தட்டையாகக் கட்டி, அதன் மேல் அணிந்து பாருங்கள். கட்டிய பிறகு ஆடினால் அந்த அளவு உங்களுக்குரியதல்ல.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும்போது கம்பனி சைலன்சர் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மகன் மாற்றக் கேட்டால் முதலில் கராஜ்காரரோடு கதையுங்கள். கார்புரேட்டர் உள்ள எஞ்சினில் புகை வெளியேறும் தடையை மட்டும் குறைத்துவிட்டு எரிபொருள் கலவையைச் சரிசெய்யாமல் விட்டால், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். எங்கள் ஊர்ப் பையன் அதைக் கேட்டதும்தான் யோசிக்கத் தொடங்கினான். அவனுடைய பழைய சைலன்சர் இன்னும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடக்கிறதாம்.