குண்டு வடக்கே, செக்கு கோவையில

எங்க காங்கேயம் பக்கம் செக்குன்னா அதைச் சுத்துறது மாடு. 1908-ல கோயம்புத்தூர் ஜெயில்ல அந்த மாட்டு வேலையை வ.உ.சி.க்குக் கொடுத்தாங்க. குண்டு போட்டாரா? இல்லைங்க. கப்பல் விட்டார், தூத்துக்குடி கோரல் மில் ஸ்டிரைக்குல நின்னார், மேடையில பேசினார். மார்ச் 12-ல கைது.

குண்டு வெடிச்சது ஏழு வாரம் கழிச்சு, ஏப்ரல் 30-ல, பீகாரின் முசாபர்பூர்ல. குறி நீதிபதி கிங்ஸ்ஃபோர்டு. செத்தது வேற வண்டியில வந்த இரண்டு பெண்கள்.

ஜூன் 8-ல அரசு ஒரே நாள்ல ரெண்டு சட்டம் போட்டது. ஒண்ணு வெடிபொருளுக்கு. இன்னொண்ணு பத்திரிகைக்கு: கொலையையோ வன்முறையையோ தூண்டுதுன்னு மாஜிஸ்திரேட் கருதினா அச்சகத்தையே பறிமுதல் பண்ணலாம். இந்த ஜோடியைக் கவனிங்க. வெடிக்கிறதும் எழுதுறதும் ஒரே லிஸ்ட்ல வந்துடுச்சு.

அடுத்த மாசமே தெரிஞ்சது. ஜூலை 7-ல திருநெல்வேலி நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு ரெட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். பேசினதுக்கு! 22-ல, குண்டைப் பத்தி 'கேசரி'யில எழுதின திலகருக்கு ஆறு வருஷம். அப்பீல்ல தண்டனை குறைஞ்சு வ.உ.சி. 1912 டிசம்பர்ல வெளிய வந்தப்போ, கப்பல் கம்பெனியே இல்ல.

அந்தப் பத்திரிகைச் சட்டத்தை 1922-ல எடுத்துட்டாங்க. வெடிபொருள் சட்டம் இன்னும் இருக்கு, பேர்ல அதே 1908-ஓட.