ஒரே வெள்ளி டாலர், இரண்டு போட்டோ: ‘வானவில்’ நாணயத்தில் எந்தக் கலர் நிஜம்?

1881-ல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சான ஓர் அமெரிக்க வெள்ளி டாலர் ஆன்லைன் ஏலத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். போட்டோவில் விளிம்பைச் சுற்றி மயில்கழுத்து நீலம், உள்ளே மெஜந்தா, நடுவில் பொன்மஞ்சள். பார்த்தவுடன் மயங்கி, அதே ஆண்டின் சாதாரண டாலரைவிடப் பல மடங்கு விலை கொடுத்து ஒருவர் வாங்குகிறார். பார்சல் வருகிறது. பிரித்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் மங்கலான சாம்பல் நிறம். எடுத்து லேசாகச் சாய்க்கிறார். ஒரு கோணத்தில் சட்டென்று நீலம் எரிகிறது. இன்னும் கொஞ்சம் சாய்த்தால் காணோம்!

போட்டோஷாப் வேலையா? அவசியம் அப்படி இருக்க வேண்டியதில்லை. எந்த எடிட்டிங்கும் செய்யாமலேயே இந்த இரண்டு தோற்றங்களையும் கேமராவில் பிடிக்க முடியும். இந்த வகை நாணயங்களை வாங்கி விற்பவர்களின் பாதி தலைவலி இதுதான்.

கலர் எங்கிருந்து வருகிறது?

நாணயத்தில் சாயம் எதுவும் இல்லை. காற்றிலும் காகிதத்திலும் துணியிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு வினைபுரிந்து, மேற்பரப்பில் வெள்ளி சல்பைடு படலமாகப் படிகிறது. தடிமன் சில பத்து நானோமீட்டர்தான். படலத்தின் மேல்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடியில் உள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதும்போது சில நிறங்கள் அழிந்து சில நிறங்கள் மிஞ்சும். மழை நாளில் ரோட்டில் சிந்திய பெட்ரோலில் தெரிகிற வானவில் இருக்கிறதல்லவா, அதே கதைதான். சேகரிப்பாளர்கள் இதை ‘டோனிங்’ என்கிறார்கள்.

படலம் தடிக்கத் தடிக்க நிறம் ஒரு வரிசையில்தான் மாறும். முதலில் வெளிர் மஞ்சள், பிறகு பொன்பழுப்பு, அடுத்து மெஜந்தா, அதன்பின் நீலம். மேலும் தடித்தால் இரண்டாம் சுற்றாக மஞ்சள், மெஜந்தா, பச்சை. கடைசியில் கருப்பு. இந்த வரிசை முக்கியம். போலியைப் பிடிக்க உதவும்.

டோனிங் உலகின் சூப்பர் ஸ்டார், மார்கன் டாலர். வடிவமைத்த ஜார்ஜ் மார்கனின் பெயரால் அழைக்கப்படும் இந்த நாணயம் 1878 முதல் 1904 வரையிலும், மீண்டும் 1921-லும் அச்சானது. 90 சதவீதம் வெள்ளி, 10 சதவீதம் செம்பு, எடை 26.73 கிராம். தேவைக்கு மேல் அச்சடித்ததால் கோடிக்கணக்கான டாலர்கள் கான்வாஸ் பைகளில், பைக்கு 1,000 வீதம், அரசுப் பெட்டகங்களில் பல பத்தாண்டுகள் தூங்கின. 1960-களின் தொடக்கத்தில் ஏராளமான பைகள் வெளியே வந்தன. நடுவில் கிடந்தவை பளபளவென்று வெள்ளையாக இருந்தன. துணியை ஒட்டிக் கிடந்தவைதான் வானவில்லாக மாறியிருந்தன. சிலவற்றில் பிறை வடிவில் கலர் இல்லாத இடம் இருக்கும். பக்கத்து நாணயம் மறைத்திருந்த பகுதி அது. சிலவற்றில் பைத்துணியின் நெசவுகூடப் பதிந்திருக்கும்.

70-க்கு எவ்வளவு மார்க்?

அமெரிக்காவில் நாணயங்களை 1 முதல் 70 வரை எண் கொடுத்துத் தரம் பிரிக்கிறார்கள். 1949-ல் வில்லியம் ஷெல்டன் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக உருவாக்கிய அளவுகோலில் இருந்து வந்த முறை இது. புழக்கத்துக்கே போகாத நாணயம் என்றால் 60-க்கு மேல். 1980-களில் பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகிய நிறுவனங்கள் வந்தபிறகு, நாணயத்தைச் சோதித்து, எண் போட்டு, ‘ஸ்லாப்’ எனும் பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்துத் தருவது வழக்கமாகிவிட்டது.

அந்த எண் எதை அளக்கிறது? கீறல்கள், அச்சு எவ்வளவு ஆழமாக விழுந்திருக்கிறது, மினுமினுப்பு, ஒட்டுமொத்தமாகக் கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்பதை. கலருக்கென்று தனி மார்க் கிடையாது. எம்எஸ்-64 என்று எழுதிய இரண்டு டாலர்களில் ஒன்று வெறும் வெள்ளையாகவும் இன்னொன்று மயில்தோகையாகவும் இருக்கலாம். விலை வித்தியாசம் முழுக்கக் கலருக்குத்தான். தரத்தைத் தாண்டிய கண்கவர் தோற்றத்துக்கு என்ஜிசி ஒரு நட்சத்திரக் குறி தருகிறது. மற்றபடி விலையைத் தீர்மானிப்பது வாங்குபவரின் ஆசையும், விற்பவரின் போட்டோவும்தான்.

சூடாக்கியோ கந்தக ரசாயனம் தடவியோ செயற்கையாகக் கலர் ஏற்றுகிறவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் நிறுவனங்கள் எண் தராமல், ‘கேள்விக்குரிய நிறம்’ என்பதுபோல ஒரு குறிப்போடு திருப்பி அனுப்பும். ஆனால் அதுவும் அனுபவக் கண்ணின் தீர்ப்புதான். ஒருமுறை நிராகரிக்கப்பட்ட நாணயம் அடுத்த முறை எண்ணோடு திரும்புவதும் நடக்கிறது.

நாமே கவனிக்கக்கூடியவையும் இருக்கின்றன. இயற்கையான டோனிங்கில் நிறங்கள் மேலே சொன்ன வரிசையில் ஒன்றிலிருந்து இன்னொன்றாகக் கரையும். எழுத்துகள், நட்சத்திரங்களின் ஓரத்தில் கலர் கொஞ்சம் வெளிறிப் பின்வாங்கும். அவசரமாக ஏற்றிய கலர் பெயின்ட் போல எல்லாவற்றின் மேலும் வழியும். மஞ்சளைத் தாண்டாமலே திடீரென நீலம் குதிக்கும். நாணயத்தைச் சுழற்றும்போது வண்டிச்சக்கர ஆரங்கள்போல ஒளி சுற்றி ஓடுகிறதா என்பதும் முக்கியம். அச்சின் அழுத்தத்தில் உலோகம் வெளிநோக்கி நகர்ந்தபோது விழுந்த நுண்வரிகள் தரும் மினுமினுப்பு அது. கலருக்கு நடுவிலும் அது ஓட வேண்டும்.

கேமரா சொல்லாத பாதி

சிக்கல் என்னவென்றால், ஓர் ஒற்றைப் போட்டோவில் இவை எல்லாம் தெரியாது. டோனிங் கலர், ஒளி கண்ணாடியில் பட்டதுபோல நேராகத் திரும்பும் கோணத்தில்தான் முழுசாகத் தெரியும். அதனால் தொழில்முறையாகப் படமெடுப்பவர்கள் கேமராவுக்கும் நாணயத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய கண்ணாடியை 45 டிகிரி சாய்த்து வைப்பார்கள். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேராகக் கீழே இறங்கும். நாணயத்தில் பட்டு அதே கண்ணாடி வழியாக லென்ஸுக்குப் போகும். எல்லாக் கலரும் ஒரே நேரத்தில் எரியும். ஆனால் அந்த வெளிச்சத்தில் மினுமினுப்பு தட்டையாகிவிடும், மெல்லிய கீறல்கள் ஒளிந்துகொள்ளும்.

மாறாக, கடிகாரத்தில் 10 மணி, 2 மணி இருக்கும் இடங்களில் இரண்டு சிறிய விளக்குகளை உயரமாக வைத்து எடுத்தால் கீறலும் மினுமினுப்பும் தெரியும், கலர் பாதியாகும். இரண்டுமே பொய் இல்லை. முதல் வகையை மட்டும் போட்டு விற்பவரிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். பிசிஜிஎஸ் தானே எடுத்துத் தரும் ‘ட்ரூவியூ’ படங்கள்கூட நேரில் பார்ப்பதைவிட அழகாக இருக்கின்றன என்ற பேச்சு சேகரிப்பாளர்களிடம் உண்டு.

மொபைலில் எடுப்பவர்களுக்கு எதிரி, போனின் புத்திசாலித்தனம். திரை முழுக்கப் பொன்மஞ்சள் இருந்தால், அறை வெளிச்சம் மஞ்சள் என்று நினைத்து ஒயிட் பேலன்ஸ் தானாகவே நிறத்தைக் குறைத்துவிடும். நாணயத்தின் பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டையோ வெள்ளைத்தாளோ வைத்து, ஒயிட் பேலன்ஸைப் பூட்டிவிட்டு எடுப்பது நல்லது. ரொம்பக் கிட்டே போனால் போனின் நிழலே நாணயத்தில் விழும். கொஞ்சம் விலகி ஜூம் லென்ஸில் எடுக்கலாம். எல்லாவற்றையும்விட, வாங்கும் முன் விற்பவரிடம் நாணயத்தை ஒரே விளக்கின் கீழ் மெதுவாகச் சாய்த்துக் காட்டும் பத்து விநாடி வீடியோ கேட்டாலே முக்கால்வாசி சந்தேகம் தீர்ந்துவிடும்.

நம்ம வீட்டு பீரோவில்

விக்டோரியா தலை போட்ட ஒரு ரூபாய் பல வீடுகளில் இருக்கிறது. 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி. இந்த இரண்டு நிறுவனங்களும் இந்திய நாணயங்களுக்கும் தரம் போடுகின்றன. அமெரிக்க டாலர் அளவுக்கு வானவில் மோகம் இங்கே இல்லை. ஆனாலும் அந்த ரூபாயின் மேல் படிந்திருப்பதும் அதே வெள்ளி சல்பைடுதான். குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியோ விபூதியோ போட்டுத் தேய்த்தால், படலத்தோடு சேர்ந்து அந்த நுண்வரிகளும் போய்விடும். அவை திரும்ப வராது. அப்படித் தேய்த்த ரூபாயை அனுப்பினால், ஸ்லாபில் எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற குறிப்பு வந்து சேரும்.