பட்டினி கிடந்தும் காலையில் சர்க்கரை ஏன் 112?

போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. அப்பாவுக்குச் சர்க்கரை வந்தது ஐம்பதில். எனக்கு இப்போ நாற்பத்தி நாலு. சும்மா விட மனசில்லை, கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

முதலில் அளவுகோல். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்கில் 100-க்குக் கீழே இயல்பு, 100 முதல் 125 வரை முன்நீரிழிவு. உலக சுகாதார நிறுவனம் 110-லிருந்துதான் ஆரம்பிக்கிறது. மறுபடி எடுத்தும் 126-க்குக் குறையவில்லை என்றால் நீரிழிவு. என் 112 ரெண்டு கணக்கிலும் மாட்டுகிறது!

சரி, எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாதவன் ரத்தத்தில் சர்க்கரை எங்கிருந்து வருகிறது? கல்லீரலிலிருந்து. தூங்கும்போதும் மூளைக்கு குளுக்கோஸ் வேண்டுமே. சேமித்த கிளைக்கோஜனை உடைத்தும், அமினோ அமிலம், லாக்டேட் போன்றவற்றிலிருந்து புதிதாகத் தயாரித்தும் கல்லீரல் ராத்திரி முழுக்க சப்ளை செய்கிறது. "போதும்" என்று அதற்குச் சொல்லும் சிக்னல்தான் இன்சுலின். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தால் அந்தச் சிக்னல் சரியாக எடுபடாது. கணையம் கூடுதலாகச் சுரந்து கொஞ்ச காலம் சமாளிக்கும். அதனால் முடியாமல் போகும்போது காலை எண் ஏறும். விடியற்காலையில் கூடும் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் தம் பங்குக்கு இன்னும் ஏற்றிவிடும்.

ஆக, முந்தின நாள் ராத்திரி மட்டும் ரெண்டு இட்லி குறைத்துச் சாப்பிட்டு இதைச் சரிசெய்ய முடியாது. இறங்க வேண்டியது கல்லீரல் கொழுப்பு. ஆள் ஒல்லியாக இருந்தாலும் தொப்பை இருந்தால் கவனம் தேவை. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை.

தடுக்க முடியுமா? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 531 பேர். மூணு வருடத்தில், சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவைத் திருத்தி, தினமும் நடந்தவர்களில் 39 சதவீதம்தான். மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன். ஆனால் ஒன்று: அவர்கள் எல்லாரும் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுத்த அளவு கூடியவர்கள். வெறும் வயிற்று எண் மட்டும் கூடியவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது.

அதனால் உங்களுக்கும் 100-ஐத் தாண்டியிருந்தால், அந்த 2 மணி நேரப் பரிசோதனையையும், மூணு மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சியையும் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நான் தினம் அரை மணி நேரம் வேகநடை, தட்டில் பாதி காய்கறி என்று ஆரம்பித்திருக்கிறேன். மூணு மாதம் கழித்து வரும் எண்களையும் இங்கே எழுதுகிறேன்.