வயிற்றுப் பிள்ளைக்குச் சோறு போடுவது யார்?

"நிறையச் சாப்பிடாதே. பிள்ளை பெரிதாகிவிடும். பிரசவம் கஷ்டமாகிவிடும்."

பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணிடம் இப்படிச் சொல்லும் வீடுகள் நம் நாட்டில் பல உண்டு. கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பயத்தில் சொல்கிறார்கள். இன்னும் சிலர், "வயிறு நிறையச் சோறு இருந்தால் பிள்ளைக்கு இடம் ஏது?" என்று கேட்கிறார்கள்.

இது சரிதானா? பார்ப்போம்.

நாம் சாப்பிடும் சோறு இரைப்பைக்குப் போகிறது. பிள்ளை இருப்பது கர்ப்பப்பையில். இரண்டும் வேறு வேறு பைகள். பிள்ளை வளர வளரக் கர்ப்பப்பையும் பெரிதாகும். கடைசி மாதங்களில் அது இரைப்பையை மேலே தள்ளும். கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்தது போல இருக்கும். அப்போது மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்து வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். குறைக்கக் கூடாது.

பிள்ளைக்குச் சாப்பாடு வாய் வழியாகப் போவதில்லை. கர்ப்பப்பையின் உள்சுவரில் நஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளை பிறந்த பிறகு வெளியே வருமே, அதேதான். பலர் அதை அழுக்கு என்று நினைக்கிறார்கள். பெயரும் அப்படி அமைந்துவிட்டது! உண்மையில் பிள்ளைக்கு அதுதான் சமையல்கட்டு. தாயின் ரத்தத்தில் உள்ள சத்தையும் பிராணவாயுவையும் நஞ்சு எடுத்துக்கொள்ளும். தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கு அனுப்பும். தாய் புகையிலை போட்டால், சாராயம் குடித்தால், அந்த விஷமும் இதே வழியில் பிள்ளைக்குப் போகும்.

நாள் தள்ளிப்போய் இரண்டு வாரத்துக்குள் பிள்ளையின் இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. மூன்றாம் மாத முடிவில் கை, கால், விரல் எல்லாம் உருவாகியிருக்கும். ஆனால் பிள்ளை ஒரு விரல் நீளம்தான் இருக்கும். ஏழாம் மாதத்தில் எடை சுமார் 1 கிலோ. பிறக்கும்போது இரண்டரை கிலோவுக்குக் குறையக் கூடாது. அப்படியானால் கடைசி மூன்று மாதத்தில்தான் பிள்ளைக்குச் சதை பிடிக்கிறது. பல வீடுகளில் சாப்பாட்டைக் குறைப்பதும் அதே மாதங்களில்தான்.

எடை குறைந்த பிள்ளையின் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துபோகும். பால் உறிஞ்சத் தெம்பு இருக்காது. நோய் எளிதில் தொற்றும்.

பிரசவம் கஷ்டமாவதற்குப் பல காரணங்கள் உண்டு. பிள்ளை குறுக்கே கிடக்கலாம். தாயின் இடுப்பெலும்பு குறுகலாக இருக்கலாம். தாய் பட்டினி கிடந்தால் இவை மாறாது. தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெரிதாகலாம். அதைப் பரிசோதனையில் கண்டுபிடித்து மருத்துவம் செய்யலாம். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் நாலு மாதம் நிறைந்த தாய்மாருக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பல வீடுகளில் மருமகள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் சாப்பிடுகிறாள். சோறோ ரொட்டியோ மிஞ்சும். பருப்பும் காயும் தீர்ந்திருக்கும். இப்படி இருந்தால் அவளுக்கு ரத்தசோகை வராமல் என்ன செய்யும்?

இதற்காகத்தான் நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டும். மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை வீசிவிடுகிறவர்கள் உண்டு. பயம் வேண்டாம். மாத்திரையில் உள்ள இரும்புதான் அப்படிக் காட்டுகிறது. மாத்திரையோடு டீ குடிக்கக் கூடாது. டீ இரும்பைச் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும்.

ஐந்தாம் மாதம் வாக்கில் பிள்ளை அசைவது தாய்க்குத் தெரியும். ஏழாம் மாதத்துக்குப் பிறகு எந்த நேரத்தில் எப்படித் துள்ளும் என்பதும் பழகிவிடும். அந்தத் துள்ளல் வழக்கத்தைவிடக் குறைந்தால், "பிள்ளை தூங்குகிறது" என்று மற்றவர்கள் சொல்லலாம். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்றும் சொல்லலாம். காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.